காற்றா, புழுவா? கடுகுச்செடியும் முருகன் சோதனையும்

ஓம் சரவணபவ!



"முருகன் சோதிக்கான் தாயி, தாங்கிக்கிடணும்."

நம்ம பக்கத்துக் கோயில்களில் சந்நிதி வாசலில் நின்றால் இந்த வார்த்தை காதில் விழாத நாளே கிடையாது. மகனுக்கு வேலை போனவரிடம் இதைத்தான் சொல்கிறோம். மகள் கல்யாணம் தள்ளித் தள்ளிப் போகிற தாயிடமும் இதையேதான். புருஷன் குடித்துவிட்டு வந்து அடிக்கிறான்னு கண் வீங்கி நிற்கிற பெண்ணிடமும் இதே வார்த்தைதான். சொல்கிறவர் மனதில் கெடுதல் எதுவும் இல்லை. அவருக்குத் தெரிந்த ஆறுதல் அது ஒன்றுதான். ஆனாலும் காய்ச்சலுக்கும் கால் முறிவுக்கும் ஒரே சூரணத்தை மடித்துக் கொடுக்கிற வைத்தியரிடம் நாம் இரண்டாம் தடவை போக மாட்டோம் இல்லையா?

துன்பம் மனிதனைப் பலப்படுத்தும் என்பதற்கு இப்போது விஞ்ஞானத்தையும் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். கடுகுச்செடியைத் தொந்தரவு செய்தால் அது இன்னும் உறுதியாகிறது, கண்டுபிடித்திருக்கிறார்கள், செடியே தாங்குது, மனுஷன் தாங்கக் கூடாதா என்று. கடுகுச்செடி ஆராய்ச்சி உண்மைதான். ஆனால் அதை முழுசாகப் படித்தால் அது சொல்வது வேறு. அதைத்தான் கொஞ்சம் விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

முதலில் நம்ம அடுக்களைக்கு வாருங்கள். கடுகை எண்ணெயில் போட்டுத் தாளித்தால் படபடவென்று வெடிக்கும், மணக்கும். ஆனால் மூக்கில் ஏறாது. அதே கடுகைப் பச்சையாகத் தண்ணீர் தெளித்து அரைத்து மாங்காய் ஊறுகாயிலோ தயிர்ப் பச்சடியிலோ சேர்த்துப் பாருங்கள், சுள்ளென்று உச்சந்தலை வரைக்கும் போகும். ஒரே கடுகு, ஏன் இப்படி? முழுக் கடுகுக்குள் அந்தக் காரம் காரமாக இருப்பதில்லை. குளுக்கோசினோலேட் என்ற பொருள் ஓர் அறையில் இருக்கிறது. மைரோசினேஸ் என்ற நொதி வேறோர் அறையில் இருக்கிறது. நசுக்கும்போது நடுச்சுவர் உடைந்து, ஈரத்தில் இரண்டும் கலக்கின்றன. அந்த நிமிஷத்தில்தான் காரம் பிறக்கிறது. கொதிக்கிற எண்ணெயில் நொதி செயலிழந்து விடுவதால் தாளித்த கடுகுக்குக் கடுப்பு இல்லை.

இந்த ஏற்பாடு நமக்காகச் செய்தது இல்லை. கடுகுச்செடியின் இலையிலும் இதே இரண்டு அறைகள் உண்டு. புழு கடித்தால் சுவர் உடையும், காரம் புழுவின் வாயில் ஏறும். நாம் ருசி என்று நாக்கைச் சப்புக்கொட்டுவது, கடிபட்ட செடி கடித்தவனுக்குக் கொடுத்த பதில்.

இனி ஆராய்ச்சிக்கு வருவோம். உலகம் முழுக்க விஞ்ஞானிகள் இதற்குப் பயன்படுத்துவது நம்ம கடுகு இல்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சின்னக் களைச்செடி. தரையோடு ஒட்டி வட்டமாக இலை விரித்து, நடுவில் ஈர்க்குச்சி மாதிரி ஒரு தண்டு விட்டு, வெள்ளைப் பூப் பூக்கும். யாரும் சமைப்பதில்லை, யாரும் பூஜைக்குப் பறிப்பதில்லை. விதை போட்டு ஆறு வாரத்தில் மறுபடி விதை தந்துவிடும் என்பதால் ஆய்வகங்களுக்கு இது செல்லப்பிள்ளை. செடிகளிலேயே முதன்முதலாக முழு மரபணுத் தொகுதியும் படிக்கப்பட்டது இதற்குத்தான், 2000ஆம் ஆண்டில்.

1990இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜேனட் பிராம், ரொனால்டு டேவிஸ் என்ற இருவர் இந்தச் செடி மேல் ஒரு வளர்ச்சி ஹார்மோனைத் தெளித்து, எந்த மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன என்று பார்த்தார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வேறு சில செடிகளுக்கு வெறும் தண்ணீர் தெளித்தார்கள். பார்த்தால் தண்ணீர் தெளித்த செடியிலும் அதே மரபணுக்கள் விழித்திருந்தன! மருந்துக்கு அதில் வேலையே இல்லை. தெளிக்கும்போது இலை அசைந்ததே, அந்தத் தொடுதல்தான் காரணம். மழை, காற்று, விரல், எது தொட்டாலும் அரை மணி நேரத்துக்குள் செடிக்குள் ஒரு பரபரப்பு தொடங்கிவிடுகிறது. தினமும் இரண்டு முறை தொட்டுக்கொண்டே வளர்த்த செடிகளைத் தொடாத செடிகளுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். தொட்ட செடி குட்டையாக இருந்தது.

பின்னால் 2012இல் பிராமின் குழு இன்னொன்றையும் காட்டியது. அடிக்கடி தொடப்பட்ட செடியைப் புழுவும் பூஞ்சையும் அவ்வளவு எளிதில் தின்ன முடியவில்லை. ஆக, தொந்தரவு பலம் தருகிறது என்ற பேச்சில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தப் பலம் இலவசமாக வரவில்லை. உயரத்தில் கொஞ்சம் போயிற்று, பூக்கும் காலம் தள்ளிப் போயிற்று. இருக்கிற சத்தைக் காவலுக்குச் செலவழித்தால் வளர்ச்சிக்குக் குறையத்தானே செய்யும்? வாசலில் பூட்டு மேல் பூட்டாக வாங்கிப் போட்ட வீட்டில் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கப் பணமில்லாத மாதிரி.

கூடங்குளத்துக்காரனுக்கு இதைப் புரிய வைக்க ஸ்டான்ஃபோர்டு தேவையில்லை. ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றைத் தெரியாதா நமக்கு? முப்பந்தலிலிருந்து ராதாபுரம் வரை இத்தனை காற்றாலை நிற்பதே அந்தக் காற்றை நம்பித்தான். அந்தக் காற்றில் வளர்ந்த உடைமரத்தைப் பாருங்கள். முதுகு ஒடிந்த கிழவி மாதிரி கிழக்கே சாய்ந்து, குட்டையாக, கெட்டியாக நிற்கும். எந்தப் புயலும் அதை அசைக்காது. அந்த உறுதியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். ஆனால் அதே மரம் காற்று குறைந்த இடத்தில் நின்றிருந்தால் எவ்வளவு நிழல் தந்திருக்கும் என்று நாம் யோசிப்பதே இல்லை. துன்பப்பட்டவர்களைப் புகழும்போதும் அப்படித்தான். "என்னா தைரியம் அவளுக்கு"ன்னு சொல்லுதோம். அந்தத் தைரியத்துக்கு அவள் எதையெல்லாம் விலையாகக் கொடுத்தாள் என்று கேட்பதில்லை.

இதைக் கேட்டதும் சில அன்பர்களுக்கு ஒரு சங்கடம் வரும். அப்படியானால் விரதம் எதற்கு? கந்த சஷ்டிக்கு ஆறு நாள் பட்டினி கிடப்பதும், காவடி எடுப்பதும், உவரி வழியாக வெயிலில் திருச்செந்தூருக்கு நடப்பதும் துன்பம்தானே? அது நம்மைப் பக்குவப்படுத்துகிறது என்றுதானே நம்புகிறோம்?

நம்புகிறோம், அனுபவத்திலும் காண்கிறோம். ஆனால் விரதத்துக்கு மூன்று குணம் உண்டு. நாமே விரும்பி எடுக்கிறோம். அதற்கு அளவு இருக்கிறது, ஏழாம் நாள் சோறு உண்டு. உடம்பு தாங்காவிட்டால் பால் பழம் சாப்பிட்டுக்கோ என்று சொல்ல பக்கத்தில் பெரியவர்கள் உண்டு. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அதற்கு விரதம் என்று பெயர் கிடையாது, பட்டினி என்று பெயர். ஒருத்தியை வீட்டுக்குள் வைத்துச் சோறு போடாமல் விட்டால் அவள் விரதம் இருக்கிறாள் என்று சொல்வோமா? "இது எனக்கு முருகன் வைத்த சோதனை" என்று ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொல்லும்போது அதில் பெரிய பலம் இருக்கிறது. அதை யாரும் பறிக்க வேண்டியதில்லை. அதே வார்த்தையை எதிரே நிற்பவரைப் பார்த்து நாம் சொல்லும்போது, எத்தனை நாள், எவ்வளவு தூரம் என்று தெரியாத ஒரு பட்டினியை அவர் தலையில் ஏற்றி வைக்கிறோம்.

நம்ம ஊர்ப் பெயரைச் சொன்னால் உலகத்துக்கு அணுஉலைதான் ஞாபகம் வருகிறது. ஆகவே அணுஉலையையும் கடுகையும் இணைக்கிற ஓர் ஆராய்ச்சியைச் சொல்லாமல் போனால் சரியில்லை. 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபிலில் உலை வெடித்தது. (அந்த உலையின் வடிவமைப்பு வேறு, நம்ம ஊரில் இருப்பது வேறு வகை. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை.) அதைச் சுற்றிய மண்ணில் இயற்கையாக முளைத்திருந்த அராபிடாப்சிஸ் செடிகளை 1992 வரை சேகரித்து, அவற்றின் வாரிசுகளை ஆராய்ந்து, இகோர் கோவல்சுக் என்பவரும் சக ஆராய்ச்சியாளர்களும் 2004இல் வெளியிட்டார்கள். மரபணுவைச் சிதைக்கிற ரசாயனத்தை, சாதாரணச் செடியைவிட இந்த வாரிசுச் செடிகள் அதிகமாகத் தாங்கின. மரபணுவைப் பழுது பார்க்கும் வேலையிலும் வித்தியாசம் தெரிந்தது.

"பாத்தியளா, கதிர்வீச்சையே தாங்கிப் பழகிட்டு!" என்று ஆச்சரியப்படலாம். ஆச்சரியம்தான். ஆனால் ஆய்வகத்துக்கு வந்தது யாருடைய விதை? பிழைத்த செடியின் விதை. பிழைக்காத செடிக்கு விதையும் இல்லை, அதைப் பற்றிக் கட்டுரையும் இல்லை. துன்பத்தால் உயர்ந்தவர்கள் கதை நமக்கு நிறையத் தெரிவதற்கும் காரணம் இதுதான். துன்பத்தால் முடிந்துபோனவர்கள் மேடை ஏறிப் பேச வரமாட்டார்கள். அந்தச் செடிகள் தாங்கிவிட்டன என்பதற்காக உலை வெடித்தது நல்லதுக்கு என்று அந்த விஞ்ஞானிகள் யாரும் முடிவு கட்டவும் இல்லை. தாங்கியது செடியின் பெருமை. வெடித்ததற்கு அதில் பங்கு கிடையாது.

நம்ம ஊரிலும் தாங்கிக்கோ என்ற சொல் நிறைய ஒலித்தது. 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் ஒப்பந்தம் போட்டார்கள். 2011 செப்டம்பரில் இடிந்தகரை மாதா கோயில் முன்னால் ஜனங்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். 2013 மே 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, அந்த அக்டோபரில் முதல் உலையின் மின்சாரம் கம்பியில் ஏறியது. உலை வேண்டுமா வேண்டாமா என்பதில் ஒரே வீட்டுக்குள் அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் என்று நின்ற ஊர் இது. அங்கே வேலை பார்த்து வீடு கட்டியவர்களும் நம்ம அடியார்கள்தான், பந்தலில் உட்கார்ந்தவர்களும் நம்ம சனம்தான். அந்த வழக்கை இங்கே திறக்கவில்லை. "நாட்டுக்காகத் தாங்கிக்கோங்க" என்று சொன்னவர்களில் அநேகம் பேர் கூடங்குளத்தைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள். 2012இல் ராத்திரி பகல் என்று பாராமல் மின்வெட்டில் வெந்த ஊர்க்காரர்களைப் பார்த்து, "கரண்ட் இல்லாம இருந்துக்கோங்களேன்" என்று சுலபமாகச் சொன்ன குரல்களும் இந்தப் பக்கம் உண்டு. யாருக்குமே அடுத்தவர் தாங்குவது லேசாகத் தெரிகிறது.

இனிதான் எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி. 2014இல் மிசூரி பல்கலைக்கழகத்தின் ஹெய்டி ஆப்பெல், ரெக்ஸ் காக்ராஃப்ட் இருவரும் வெளியிட்டது. ஆப்பெல் செடிகளுக்கும் பூச்சிகளுக்கும் உள்ள உறவை ஆராய்பவர். காக்ராஃப்ட் பூச்சிகள் எழுப்பும் அதிர்வுகளை ஆராய்பவர். முட்டைக்கோஸ் தின்னும் வெள்ளைப் பட்டாம்பூச்சியின் புழுவை ஓர் இலையில் விட்டார்கள். அது மெல்லும்போது இலை அதிரும். கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய அதிர்வு, லேசர் கதிரை வைத்துத்தான் அளக்க முடிந்தது. அதைப் பதிவு செய்துகொண்டார்கள். பிறகு புழுவே இல்லாத வேறு செடிகளுக்கு அந்த அதிர்வை மட்டும் இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். அதற்கு அப்புறம் நிஜப் புழுவை விட்டால், அதிர்வை முன்பே உணர்ந்த செடிகள் மற்றவற்றைவிட அதிகமாகக் குளுக்கோசினோலேட்டைச் சுரந்தன. கடுகின் காரத்துக்கு மூலப்பொருள் என்று மேலே சொன்னோமே, அதேதான்.

இதைத்தான் "செடிக்குக் காது கேட்கும்" என்று தலைப்புப் போட்டுப் பரப்பினார்கள். காதும் இல்லை, மூளையும் இல்லை, நம்மைப் போல அதற்கு வலிக்கிறது என்று அந்த ஆராய்ச்சி சொல்லவும் இல்லை. ஆனால் தலைப்பில் வராத ஒரு பகுதி அதில் இருக்கிறது. வேறு சில செடிகளுக்குக் காற்று வீசும் அதிர்வைக் கொடுத்தார்கள். இன்னும் சிலவற்றுக்கு, இலையைத் தின்னாமல் சும்மா உட்கார்ந்து பாடுகிற பூச்சியின் அதிர்வைக் கொடுத்தார்கள். அந்தச் செடிகள் அப்படிக் காரம் கூட்டவில்லை. மூளை இல்லாத செடி, அசைவு எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளவில்லை. வீசுகிற காற்று வேறு, மெல்லுகிற புழு வேறு என்று பிரித்தது. காற்றுக்குப் போராடிச் சத்தை வீணாக்கவில்லை. புழுவுக்கு "சரி, தின்னுட்டுப் போ" என்று விடவும் இல்லை.

"முருகன் சோதிக்கான்" என்ற நம்ம வார்த்தையில் இந்தப் பிரிவினை இல்லை. மழை பொய்த்ததும், பெற்ற பிள்ளை நோயில் போனதும், 2004 சுனாமி கரையேறியதும் காற்று. அதன் முன்னால் நின்று யாரைக் குற்றம் சொல்ல? அழலாம், பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம், முருகா என்று சொல்லலாம். ஆனால் கொடுத்த கூலியில் பாதியைப் பிடித்துக்கொள்கிற முதலாளி காற்று இல்லை. வரதட்சிணை பாக்கி என்று மருமகளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்புகிற மாமியார் காற்று இல்லை. அங்கே ஒரு வாய் இருக்கிறது, அது மென்றுகொண்டிருக்கிறது. அதைப் பார்த்து சோதனை என்று சொன்னால், மெல்லுகிறவனுக்கு முருகன் பெயரில் அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

கந்தபுராணத்தில் சயந்தன் கதை நினைவிருக்கிறதா? இந்திரன் மகன் சயந்தனைச் சூரபன்மன் வீரமகேந்திரத்தில் சிறை வைத்திருந்தான். அவன் அங்கே கிடந்து புலம்பினான். செந்தூரில் வந்து தங்கிய நம்பெருமான் அவன் கனவில் தோன்றினார். "இது உனக்குச் சோதனை, பொறுத்துக்கொள், பக்குவப்படுவாய்" என்றா சொன்னார்? வந்திருக்கிறேன், சூரனை அழித்து உங்களை மீட்பேன் என்ற பொருளில் அவர் அபயம் கொடுத்ததாகத்தான் கச்சியப்பர் பாடுகிறார். வீரபாகு தேவரைத் தூதும் அனுப்புகிறார், தேவர்களை விட்டுவிடு என்று கேட்க. முதலில் பேச்சு, கேட்கவில்லை என்றால் வேல். சிறையில் இருப்பவனிடம் சிறையின் பெருமையைப் பேசுகிற வழக்கம் நம்ம சுவாமிக்குக் கிடையாது.

தேவர்கள் செய்த வினையால்தான் அந்தச் சிறை வந்தது, ஆகவே அதுவும் சோதனைதானே என்று ஒரு பெரியவர் மடக்கலாம். நியாயமான கேள்வி. தட்சன் யாகத்தில் கலந்துகொண்ட பாவம் தேவர்களுக்கு உண்டென்று புராணமே சொல்கிறது. ஆனால் அதைக் காரணம் காட்டிச் சூரனை யாரும் விட்டு வைக்கவில்லை. சிறைப்பட்டவனின் வினைக்கணக்கு அவனுக்கும் சுவாமிக்கும் உள்ளது. சிறை வைத்தவனின் கணக்கைத் தனியாகத் தீர்த்தார்கள்.

எது காற்று, எது புழு என்று எப்போதும் பளிச்சென்று தெரிந்துவிடுமா? தெரியாது. இரண்டும் ஒன்றாக வருவதும் உண்டு. நோய் காற்றாக வரும், அதைச் சாக்காக வைத்துக் கடன் கொடுத்து வீட்டை எழுதி வாங்குகிறவன் புழுவாக வருவான். பாம்பன் சுவாமிகள் 1923இல் சென்னையில் குதிரை வண்டி மோதிக் கால் முறிந்து கிடந்தபோது, அவரை அரசு பொது மருத்துவமனைக்குத்தான் கொண்டு போனார்கள். வெளியே சீடர் சண்முக கவசம் ஓதினார். சுவாமிகள் மயில் வாகனக் காட்சி கண்டு குணமானதை இன்றும் மயூர வாகன சேவனம் என்று கொண்டாடுகிறோம். அவ்வளவு பெரிய மகான் விஷயத்திலேயே யாரும் "சோதனை, வீட்டிலேயே கிடக்கட்டும்" என்று சொல்லவில்லை.

அந்தக் கண் வீங்கிய பெண்ணுக்கு வருவோம். அவள் சந்நிதிக்கு வந்து அழுவது முருகனிடம். பக்கத்தில் நிற்கிற நாம் முருகனுக்குப் பதிலாகப் பேச வேண்டியதில்லை. "சாப்பிட்டியா தாயி? ராத்திரி எங்க இருப்ப? பிள்ளைய எங்க?" என்று மூன்று கேள்வி கேட்டால் போதும். பேச்சு தானாக வரும். தமிழ்நாட்டில் பெண்கள் உதவி எண் 181. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், பணம் கிடையாது. அவளிடம் போன் இல்லாவிட்டால் நம்ம போனில் போட்டுக் கொடுக்கலாம். பிள்ளைகளுக்கு அடி விழுகிறது என்றால் 1098. கோயிலில் சஷ்டி விரத நேரம் எழுதி ஒட்டுகிற பலகையில் இந்த இரண்டு எண்ணையும் எழுதி வைக்க நிர்வாகத்தாரிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு சாக்பீஸ் செலவுதான்.

வேலும் மயிலும் துணை.